புது வீல் போட்டதும் ஒரு பக்கம் மட்டும் உரசுதா? பின் ஆக்சில் நடுவில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஆசையாக ஒரு செட் அலாய் வீல் வாங்கி மாட்டியாச்சு. வண்டியும் பார்க்க அம்சமாக இருக்கு. ஆனால் பின் சீட்டில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்ததும், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வலது பின்பக்கம் மட்டும் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. கடையில் கேட்டால், “மட்கார்டு விளிம்பை லேசா தட்டி மடக்கிடலாம் சார்” என்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்க. இரண்டு பக்கமும் உரசினால் வீல் அளவு தப்பு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் உரசினால், பின் ஆக்சில் வண்டிக்கு நடுவில் இல்லையோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். டயரின் பக்கச்சுவர் தொடர்ந்து உரசித் தேய்ந்தால், வெயில் நேரத்தில் முழுப் பாரத்தோடு ஈ.சி.ஆர். சாலையில் போகும்போது அந்த இடத்தில்தான் டயர் வெடிக்கும். அதனால் சுத்தியலைத் தொடும் முன் டேப்பை எடுங்கள். என்ன பார்க்க வேண்டும், எதை நீங்களே செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீல் மாற்றினால் ஆக்சில் நகருமா?

நகராது. வீல் என்பது ஆக்சிலின் நுனியில் இருக்கும் ஹப்பில் மாட்டப்படும் பொருள், அவ்வளவுதான். ஆக்சில் ஏற்கெனவே சில மில்லிமீட்டர் விலகி இருந்திருக்கும். பழைய வீலில் இடைவெளி தாராளமாக இருந்ததால் அது தெரியவில்லை. புது வீல் அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ரிம்மின் உள்பக்கம் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். ஒன்று அகலம், அங்குலத்தில். இன்னொன்று ஆஃப்செட், ‘இ.டி.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மில்லிமீட்டரில் இருக்கும். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். வழக்கமான கார் ரிம்களில் இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும்.

பழைய ரிம் 5 அங்குல அகலம், இ.டி. 45. புது ரிம் 6 அங்குலம், இ.டி. 38 என்று வைத்துக்கொள்வோம். அகலம் 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. கூடியிருக்கிறது, பக்கத்துக்குப் பாதி என்றால் 12.7 மி.மீ. ஆஃப்செட் 7 மி.மீ. குறைந்திருக்கிறது. ஆக, வெளிப்பக்கம் 12.7 + 7 = 19.7 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் 12.7 - 7 = 5.7 மி.மீ. உள்ளே போயிருக்கிறது.

பழைய வீலில் மட்கார்டு விளிம்பிலிருந்து ரிம் வரை இடது பக்கம் 36 மி.மீ., வலது பக்கம் 26 மி.மீ. இடைவெளி இருந்தது என்றால், 10 மி.மீ. வித்தியாசத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். புது வீலில் அதே இடைவெளி இடதில் 16, வலதில் 6 என்று சுருங்கிவிடுகிறது. 16 மி.மீ. தப்பித்துவிடும், 6 மி.மீ. வண்டி கொஞ்சம் சாய்ந்தாலே உரசிவிடும். ஆக்சில் சரியாக நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் 11 மி.மீ. கிடைக்கும். பிரச்சினையின் முழு உருவம் இதுதான்.

உங்கள் வண்டியில் என்ன வகை?

எல்லா வண்டியிலும் பின் ஆக்சிலை நகர்த்த முடியாது. அதனால் உங்கள் வண்டி எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் ரகம்: பட்டை ஸ்பிரிங். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மாருதி ஆம்னி, ஜிப்சி, மஹிந்திரா பொலிரோ எல்லாம் இதில் வரும். பட்டைகளே ஆக்சிலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பிடித்து வைத்திருக்கும். பட்டைக் கட்டின் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சிலில் உள்ள ஒரு குழியில் உட்காரும். அதன் மேல் யூ போல்ட் இறுக்கிப் பிடிக்கும்.

இரண்டாவது ரகம்: சுருள் ஸ்பிரிங்கும் குறுக்கு ராடும். பழைய ஆல்டோ, ஆல்டோ 800, இன்னோவா, ஜிம்னி, தார் ஆகியவை இந்த வகை. சுருள் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் பிடிக்காது. அதற்காக ஒரு நீளமான ராடின் ஒரு முனையை பாடியிலும் மறுமுனையை ஆக்சிலிலும் மாட்டியிருப்பார்கள். மெக்கானிக்குகள் இதை லேட்டரல் ராட் அல்லது பேன்ஹார்ட் ராட் என்பார்கள். பிரான்சின் பழைய கார் நிறுவனமான பேன்ஹார்டின் பெயரே ராடுக்கு நின்றுவிட்டது. ஆக்சில் நடுவில் இருப்பதும் இல்லாததும் இந்த ஒரு ராடின் கையில்தான்.

மூன்றாவது ரகம்: டார்ஷன் பீம். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 போன்ற வண்டிகள். இதில் குறுக்கு ராடு கிடையாது. இரண்டு பெரிய புஷ்களில் மொத்த பீமும் தொங்கும். நீளம் கூட்டிக் குறைக்க எதுவும் இல்லை. விலகல் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது பீமோ பாடியோ எப்போதோ அடிபட்டு வளைந்திருக்க வேண்டும்.

நம்ம ஊர்க் கதை ஒன்றும் இதில் இருக்கிறது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் பின் வீல்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்சில் இருந்தது. இந்திய வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் அதை எடுத்துவிட்டு ஒரே துண்டான ஆக்சிலைப் போட்டார்கள். ஒரே ஆக்சில் என்பது நம் சாலைக்கும் நம் ஒர்க்‌ஷாப்புக்கும் பழகிய பொருள். ஆனால் அது நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டியது வண்டிக்காரர் பொறுப்பு.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

தேவையானவை: ஒரு தூக்குக்குண்டு (இல்லாவிட்டால் நூலில் கட்டிய ஒரு கனமான நட்டு), ஸ்டீல் ஸ்கேல், மாஸ்கிங் டேப், ஒரு பேனா. ஜாக்கி வேண்டாம். வண்டியைத் தூக்கிவிட்டால் இந்த அளவே தப்பாகிவிடும். நான்கு வீலும் தரையில் நிற்க வேண்டும்.

1. டிக்கியைக் காலி செய்யுங்கள். நான்கு டயரிலும் கம்பெனி சொன்ன காற்று இருக்கட்டும். பின் டயர் இரண்டிலும் ஒரே அளவு முக்கியம்.

2. வண்டியை இரண்டு மூன்று மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். பின்பக்கத்தை நாலு தடவை அழுத்தி விடுங்கள். ஸ்பிரிங் தன் இடத்தில் வந்து உட்காரும்.

3. மட்கார்டின் வளைவில் வீல் நடுவுக்கு நேர் மேலே டேப் ஒட்டி, அங்கிருந்து தூக்குக்குண்டைத் தொங்க விடுங்கள். குண்டு ஆடாமல் நின்றதும், ஹப்பின் உயரத்தில் நூலிலிருந்து ரிம் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். டயரின் புடைப்பிலிருந்து அளக்காதீர்கள்; அது டயருக்கு டயர் மாறும்.

4. மறுபக்கமும் அதே இடத்தில், அதே உயரத்தில் அளக்க வேண்டும்.

5. வீல் அரைச்சுற்று சுற்றும் அளவுக்கு வண்டியை நகர்த்தி, இரண்டு பக்கமும் மறுபடி அளக்கவும். முதல் அளவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வந்தால் ரிம் வளைந்திருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

6. இப்போது வண்டியைத் திருப்பி, அதே இடத்தில் எதிர்த்திசை பார்த்து நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி அளக்கவும்.

ஆறாவது படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மயிலாப்பூர், தி.நகர் அபார்ட்மென்ட்களில் கார் நிறுத்தும் இடம் பார்க்க சமமாகத் தெரியும். ஆனால் மழைநீர் ஓடுவதற்காகத் தளத்தை ஒரு பக்கம் லேசாகச் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். தரை 1 டிகிரி சாய்ந்திருந்தால், 350 மி.மீ. தொங்கும் நூலில் சுமார் 6 மி.மீ. பிழை வரும். அதுவும் ஒரு பக்கம் கூட்டும், மறுபக்கம் குறைக்கும். சரியாக இருக்கும் ஆக்சில்கூட 6 மி.மீ. விலகியது போலத் தெரியும். வண்டியைத் திருப்பி அளந்தால் அந்தப் பிழை எதிர்ப்பக்கம் போய்விடும். சராசரி எடுத்தால் காணாமல் போகும்.

அளவைப் படிப்பது

முதல் முறை: இடது 17, வலது 5. வித்தியாசம் 12. அதில் பாதி 6. ஆக்சில் வலது பக்கம் 6 மி.மீ. விலகியிருப்பதாகத் தெரிகிறது. திருப்பி நிறுத்தியதும்: இடது 15, வலது 7. வித்தியாசம் 8, பாதி 4. இரண்டின் சராசரி 5 மி.மீ. அதுதான் உண்மையான விலகல். இடைவெளி குறைவாக இருக்கும் பக்கம்தான் ஆக்சில் போயிருக்கிறது.

வித்தியாசத்தில் பாதிதான் விலகல் என்பதை மறக்காதீர்கள். 10 மி.மீ. வித்தியாசம் பார்த்துவிட்டு 10 மி.மீ. நகர்த்தினால், இப்போது உரசாத பக்கம் நாளைக்கு உரசும்.

இன்னொரு சந்தேகமும் தீர வேண்டும். மட்கார்டே அடிபட்டு, டிங்கரிங் செய்து மாற்றிய வண்டியாக இருக்கலாம். அப்போது ஆக்சில் சரியாக இருந்தாலும் அளவு தப்பாகத்தான் காட்டும். அதனால் அடியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு சேஸிஸ் பாகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரை ஒர்க்‌ஷாப் லிஃப்டில் அளக்கச் சொல்லுங்கள். வீல்களைத் தாங்கித் தூக்கும் லிஃப்டாக இருக்கட்டும். பாடியைத் தூக்கினால் ஆக்சில் தொங்கிவிடும். மட்கார்டு அளவும் சேஸிஸ் அளவும் ஒரே பக்கம் காட்டினால் குற்றவாளி ஆக்சில். மட்கார்டு மட்டும் காட்டினால் குற்றவாளி பாடி.

கடைசியாக, ஸ்டீயரிங்கை நேராக வைத்து முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை இரண்டு பக்கமும் அளங்கள். ஆல்டோவில் இது 2360 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இல்லையென்றால் ஆக்சில் கோணலாக நிற்கிறது. அப்படிப்பட்ட வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். ஸ்டீயரிங் நேராக இருக்காது, டயரும் சீக்கிரம் தேயும்.

சரிசெய்வது எப்படி?

இங்கிருந்து வேலை மெக்கானிக்குடையது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குறுக்கு ராடு வண்டி என்றால், முதலில் ராடின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் புஷ்களைப் பார்க்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காற்றில் நிற்கும் வண்டிகளில் ராடு மாட்டும் பிராக்கெட் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்திருந்தால் புது புஷ் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ராடு வளைந்திருந்தால் நெருப்பில் காட்டி நிமிர்த்தக் கூடாது. புதிதாக மாற்ற வேண்டும்.

கம்பெனி ராடுகள் பொதுவாக நீளம் மாறாதவை. ஸ்பிரிங் உயரத்தை மாற்றியவர்களுக்காக நீளம் மாற்றக்கூடிய ராடுகள் சில வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. ராடின் பாடி முனை வலதிலும் ஆக்சில் முனை இடதிலும் இருந்து, ஆக்சில் வலப்பக்கம் 5 மி.மீ. விலகியிருந்தால், ராடை 5 மி.மீ. நீளமாக்க வேண்டும், அது ஆக்சிலை இடப்பக்கம் தள்ளும். விலகல் இடப்பக்கம் என்றால் ராடைக் குட்டையாக்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் பஃபர் வைத்து அல்லது உயரமான ஸ்பிரிங் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கியிருக்கிறீர்களா? வேகத்தடைக்கும் மழைத் தண்ணீருக்கும் பயந்து நம் ஊரில் பலர் செய்வதுதான். ஆனால் பாடி உயர்ந்தால் ராடு அதிகமாகச் சரியும். சரியும் ராடு ஆக்சிலைப் பாடி முனை இருக்கும் பக்கமாக இழுக்கும். 900 மி.மீ. நீள ராடின் இரு முனைக்கும் உயர வித்தியாசம் 60 மி.மீ. இருந்து, அது 100 மி.மீ. ஆனால், ஆக்சில் சுமார் 3.6 மி.மீ. நகரும். பஃபரை எடுத்துவிட்டு அளந்து பாருங்கள். செலவே இல்லாமல் விடை கிடைக்கலாம். வெறும் டயர் பெரிதானால் மட்டும் இப்படி நடக்காது. அப்போது ஆக்சிலும் பாடியும் சேர்ந்தே உயரும். ராடின் சாய்வு மாறாது.

பட்டை ஸ்பிரிங் வண்டி என்றால், சென்டர் போல்ட் உடைந்திருக்கிறதா, யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, பட்டைக் கண்ணில் உள்ள புஷ்ஷும் ஷாக்கிள் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சென்டர் போல்ட் உடைந்தால் ஆக்சில் முன்பின்னாக நகரும். புஷ் தேய்ந்தால் பக்கவாட்டில் ஆடும். போல்ட் குழியைப் பெரிதாக்கி ஆக்சிலை நகர்த்தலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

எந்த ரகமானாலும் ஒரு விதி பொது: புஷ் போல்ட்களைக் கடைசியாக முறுக்குவது வண்டியின் பாரம் வீலில் இருக்கும்போதுதான். ஆக்சில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். “வண்டியை இறக்கிட்டு டைட் பண்ணுங்க” என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வேலை முடிந்ததும் நான்கு வீல் அலைன்மென்ட் பார்த்து அச்சிட்ட அறிக்கையை வாங்குங்கள். அதில் ‘த்ரஸ்ட் ஆங்கிள்’ என்ற வரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஆக்சில் கோணலாக இல்லை. ஆனால் அந்த எண் பக்கவாட்டு விலகலைச் சொல்லாது. அதற்கு உங்கள் தூக்குக்குண்டுதான் சாட்சி; மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள். வீல் நட்டுகளை 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் திரும்ப டைட் பார்க்கச் சொல்லவும்.

ஒரு எச்சரிக்கை: வண்டியுடன் வந்த ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. மாட வீதி போன்ற நெரிசலான தெருவோரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

இந்த மூன்று ‘தீர்வு’களுக்குத் தலையாட்டாதீர்கள்

மட்கார்டு விளிம்பைத் தட்டி மடக்குவது: பெயின்ட் விரிசல் விட்டு அங்கே துரு பிடிக்கும், விலகல் அப்படியே இருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் ஸ்பேசர் வைப்பது: ஆக்சில் நகராது, அந்தப் பக்க வீல் மட்டும் வெளியே போகும். ஹப் பேரிங்குக்குச் சுமை கூடும். நட்டுக்குக் கிடைக்கும் மரை குறையும்.

“ஓட ஓட சரியாயிடும்”: புஷ் ஓட ஓடத் தேயும். சரியாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் கீழ் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தேய்ந்த புஷ், வளைந்த ராடு போன்றவற்றுக்கு அதே வகைப் பாகத்தை மாற்றுவது பழுதுபார்ப்பு, பயம் வேண்டாம். வீல், டயர் வாங்கும்போது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் கம்பெனி சொன்ன அளவுகளுக்குள் நில்லுங்கள். அதைத் தாண்டும் ஆசை இருந்தால், பணம் கொடுக்கும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்துக்கு மந்தைவெளி, அடையாறு பக்கத்துக்குத் திருவான்மியூர் அலுவலகம். ஆர்.சி. விவரங்களை எம்-பரிவாஹன் செயலியிலும் டிஜிலாக்கரிலும் போனிலேயே பார்க்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்து இழப்பீடு கேட்கும்போது சிக்கலாகலாம்.

சொந்த காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பழைய ஆல்டோவோ அம்பாசிடரோ அந்தப் பரிசோதனைக்குப் போகும் நிலையில் இருந்தால், உரசும் டயரை முன்பே சரிசெய்துவிடுங்கள். கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பதும் விதி.

பில் வாங்குங்கள்

வீல், புஷ், அலைன்மென்ட் எதுவானாலும் பில் கேட்டு வாங்குங்கள். ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் பில்லிலேயே எழுதியிருக்கட்டும். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்றது பொருந்தாமல் போய், கடையும் கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அளவுகளை எழுதிய தாள், நூல் தொங்கும் போட்டோ, அலைன்மென்ட் அறிக்கை மூன்றையும் போனில் சேமித்து வையுங்கள். “உரசுது சார்” என்று சொல்வதைவிட “வலது பக்கம் 5 மி.மீ. விலகியிருக்கு, இதோ அளவு” என்று காட்டினால் ஒர்க்‌ஷாப்பிலும் புகாரிலும் பேச்சு சீக்கிரம் முடியும்.

புது வீல் மாட்டிய வண்டி வைத்திருக்கிறீர்களா? வரும் ஞாயிறு காலை ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி, இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள். அளவு சமமாக இருந்தால் நிம்மதியாகக் கிளம்பலாம். சமமாக இல்லாவிட்டால், குடும்பத்தோடு நீண்ட பயணம் போகும் முன் சரிசெய்துவிடுங்கள்.